ஈர இரும்பு

அந்த நான்கு பாட்டில்களை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். விசாரணைக் குழுவிலிருந்து இரண்டு கடிதம் வந்துவிட்டது. இன்னும் பத்து வந்தாலும் இதே பதில்தான். அவற்றில் இருப்பது எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர். ஒரு பாட்டிலுக்கு ஒரு வாரத்துத் தண்ணீர். எதற்காகப் பிடித்து வைத்தேன், ஏன் கொடுக்க மாட்டேன் என்பதை எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு என்னை என்ன சொன்னாலும் சரி.

என் பெயர் கன்னியப்பன். பாலாற்றங்கரையில் ஒரு தோல் ஊர். முப்பத்தொரு வருஷம் டேனரியில் டிரம் ஓட்டினேன். டிரம் என்றால் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் மரப் பீப்பாய். அதற்குள் தோலையும் குரோமிய உப்பையும் தண்ணீரையும் போட்டு ஒரு பகல் முழுக்கச் சுற்றினால், வெள்ளையாகப் போன தோல் நீலமாக வெளியே வரும். வெட் புளூ என்போம். அந்த நீலம் கையில் ஏறும், நகத்தில் ஏறும். தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாலும் போகாது. நான் பெண் பார்க்கப் போனபோது என் மாமனார் என் முகத்தைப் பார்க்கவில்லை, நகத்தைப் பார்த்தார். "டேனரி ஆளு. சரி, காபி குடு" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். எங்கள் ஊரில் நீல நகம் என்றால் இவனுக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம். வேறு அர்த்தம் கிடையாது.

டிரம்மிலிருந்து வடிந்த தண்ணீர் பின்பக்க வாய்க்காலில் போனது. வாய்க்கால் எங்கே போனது என்று நான் கேட்டதில்லை. அது எங்கள் கிணற்றுக்கே வந்திருந்தது. முதலில் தண்ணீர் லேசாக மஞ்சள் அடித்தது. பிறகு குடத்தின் அடியைப் பார்க்க முடியாத மஞ்சள். என் பெண்டாட்டி அஞ்சலைக்குக் கையில் புண் வந்தது, ஆறவேயில்லை. அப்புறம் கிட்னி. நாற்பத்தாறு வயதில் போய்விட்டாள். அவளைப் போல எங்கள் தெருவில் பதினொரு பேர். கோர்ட் டேனரிகளை மூடச் சொன்னது. மூடினார்கள். வேலை போனது, மஞ்சள் போகவில்லை.

பன்னிரண்டு வருஷம் கழித்து மிஷின் வந்தது.

கிணற்றைச் சுற்றித் தாமிரக் கம்பி வளையம் ஒன்று. கிணற்றை ஒட்டியே டிக்கெட் கவுண்டர் மாதிரி ஓர் அறை, அதில் ஒரு நாற்காலி, ஒரு ஃபேன், மீட்டர் முள் நாலு வைத்த ஒரு பெட்டி. கிணற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி வட்டமாகப் பன்னிரண்டு குழிகள். திங்கட்கிழமை தோறும் ஒவ்வொரு குழியிலும் ஓர் இரும்புத் தகட்டை இறக்கி, மண் மூடி, தண்ணீர் ஊற்ற வேண்டும். அதுதான் எனக்குக் கிடைத்த வேலை. நாற்காலி என் மகள் தவமணிக்குக் கிடைத்தது.

தவமணிக்கு இருபத்தேழு வயது. கட்டிக் கொடுத்த இடத்திலிருந்து ஆறே மாதத்தில் திரும்பி வந்தவள். பிளஸ் டூவில் வேதியியலில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க். மேலே படிக்க வைக்க என்னால் முடியவில்லை. எங்கள் வம்சத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் அவள்தான். முதல் நாள் வேலைக்குப் போய் வந்ததும், "நைனா, ஃபேனு என் தலைக்கு நேரா கீது" என்றாள். ஆறு மணி நேரம் அந்த முட்களைப் பார்த்துக்கொண்டிருந்து, கிணற்றில் தண்ணீர் ஏறி இறங்குவதற்குத் தக்கபடி ஒரு குமிழைத் திருப்ப வேண்டும், மணிக்கொரு தரம் ரீடிங் எழுத வேண்டும். சந்தோஷமாகப் போய் வந்தாள்.

ஒரு வாரத்தில் மஞ்சள் வெளுத்தது. மூன்றாவது வாரம் தண்ணீர் தண்ணீராக இருந்தது. தெருப் பெண்கள் குடத்துக்குள் கையை விட்டுத் தங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டார்கள். நான் குடிக்கவில்லை. எதையும் சும்மா கொடுத்தால் நான் வாங்குவதில்லை.

"இன்னா மாயம் பண்றாங்க அதுல?" என்று சாப்பிடும்போது தவமணியைக் கேட்டேன்.

"மாயம் இல்ல நைனா. நம்ம டவுன் பஸ்ஸு தெரியும்ல?"

"அதுல ஏறி இறங்கித்தான் என் முட்டி தேஞ்சுது."

"அணுன்னா அந்த பஸ்ஸுன்னு வெச்சுக்கோ. நடுவுல கருன்னு ஒண்ணு, நல்ல கனம், அது அசையாது. அதைச் சுத்தி எலக்ட்ரானுங்க. முதல் வரிசையில ரெண்டு பேருக்குத்தான் எடம். மூணாவது ஆளு நெருக்கிகினுகூட உக்கார முடியாது. அடுத்த வரிசையில எட்டு பேரு. இப்படியே ரொம்பிகினே வரும். உள்ள சீட்டு புடிச்சவன் சுலபமா எழுந்திருக்க மாட்டான். படியில தொங்கறவன்தான் இறங்குவான், ஏறுவான். ஒரு பொருளு நல்லதா கெட்டதா, மஞ்சளா நீலமான்றதெல்லாம் அந்தப் படிக்கட்டு ஆளுங்க கையில கீது."

"டிக்கெட் யாரு எடுக்கறது?"

"நைனா."

"சரி, சொல்லு."

"குரோமியத்துல மொத்தம் இருபத்து நாலு எலக்ட்ரான். டிரம்முல நீ போட்டியே, அது மூணு பேரை இறக்கி விட்ட குரோமியம். சாது. தோலைப் புடிச்சுகினு நீலமா கெடக்கும். அதே குரோமியம் மண்ணுல கெடந்து இன்னும் மூணு பேரை விட்டுச்சுன்னா மஞ்சளாய்டும். ஆறு பேரை இழந்தது. அதுக்கு வெறி. எதுமேல பட்டாலும் அதுலேருந்து ஆளைப் புடுங்கும். அம்மா கையில புடுங்குச்சு. உள்ள போயி கிட்னியில புடுங்குச்சு."

நான் சோற்றிலிருந்து கையை எடுத்தேன். "அதே சரக்கா? நான் டிரம்முல போட்ட அதே சரக்கா?"

"அதேதான். மூணு ஆளு வித்தியாசம்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கு எப்படித் தெரியும் நைனா, துன்னு" என்றாள். "இந்த மிஷினு அந்த மூணு பேரைத் திருப்பி ஏத்துது. வேற மருந்தே கொட்டறதில்ல. குழியில கீற இரும்போட படியிலேருந்து இழுத்தாந்து குரோமியத்துல ஏத்திடும். குரோமியம் சாதுவாயி, பச்சைப் பொடியா அடியில படிஞ்சிடும். இரும்பு துருவாய்டும். அவ்ளோதான்."

அவளுக்கு அவ்வளவுதான். எனக்கு அப்படிப் போகவில்லை. கம்பி போட்டு இழுக்காமல், குழாய் வைக்காமல் மண்ணுக்குள் இருக்கிற தகட்டிலிருந்து கிணற்றுக்கு ஏதோ போகிறது என்றால் யார் நம்புவார்கள்?

மிஷினைச் செய்தவர் வசுமதி என்று ஓர் அம்மா. சென்னையிலிருந்து மாதம் இரண்டு முறை வருவார். முப்பத்தைந்து வயது இருக்கும். அவரிடமே கேட்டேன். அன்று அவருடன் மிஷினை வைத்த கம்பெனியின் அதிகாரி ஒருவரும் நின்றிருந்தார்.

"என் வூட்டுலகூட கடப்பாரை கீது. அதுலேருந்தும் இழுக்குமா?"

"ஈரத்துல இருக்கிற இரும்புதான் கொடுக்கும் ஐயா. காய்ஞ்ச இரும்பு கொடுக்காது. அதனாலதான் குழியில தண்ணி ஊத்தச் சொல்றோம். எதுலேர்ந்து சுலபமா வருதோ அதுலேர்ந்து முதல்ல எடுக்கும். திங்கட்கிழமை மட்டும் தவறவே கூடாது."

"தவறினா?"

 அந்த அம்மா பக்கத்தில் நின்ற அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தன் ஷூவைப் பார்த்தார்.

"மிஷின் வேலை செய்யாது" என்றார் அந்த அம்மா.

அந்தப் பார்வையை நான் கவனித்தேன். முப்பத்தொரு வருஷம் மேஸ்திரிகளுக்குக் கீழே வேலை பார்த்தவனுக்கு, ஆள் எப்போது எதையோ மறைக்கிறான் என்று தெரியும். மறைக்கிறார்கள் என்பது சரி. எதை என்பதில்தான் தப்புப் பண்ணினேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த நோட்டீஸ் ஒட்டினார்கள். கிணறு சுத்தமாகிவிட்டதால், மிஷினைக் காவலுக்கு வைத்துக்கொண்டு டேனரிகளைத் திரும்பத் திறக்க முதலாளிகள் அனுமதி கேட்டிருக்கிறார்களாம். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், கல்யாண மண்டபத்தில், அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு.

அதைப் படித்தவுடன் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாகத் தோன்றியது. பழைய இரும்புக் கடை பாஷா பாயிடம் போய் உட்கார்ந்தேன். அவர் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"இன்னா கன்னியப்பா, வாராவாரம் மண்ணுல இரும்பு நட்டுகினு கீறியே, அறுப்பு எப்போ?"

"வெளையாடாத பாய். அந்த மிஷினு நெசமா வேலை செய்யுதுன்றியா?"

"தண்ணி வெள்ளையாத்தான கீது."

"எங்கேருந்தோ குழாய்ல நல்ல தண்ணிய அடியில வுட்டாங்கன்னா?"

பாய் வெற்றிலையைத் துப்பிவிட்டு யோசித்தார். "வுடலாம். பெரிய எடம். ஆனா நெரூபிக்கணுமே. நீ சொன்னா உன்ன கெழவன் உளர்றான்னு சொல்வாங்க."

நிரூபிக்க எனக்கு ஒரு வழி தெரிந்தது. தகடு இல்லாவிட்டால் மிஷின் வேலை செய்யாது என்று அந்த அம்மாவே சொல்லியிருக்கிறார். நான் தகடு போடாமல் விட்டு, அதற்கப்புறமும் தண்ணீர் சுத்தமாக வந்தால் மிஷின் பொய். மிஷின் பொய் என்றால் டேனரி திறக்காது. இன்னொரு அஞ்சலை சாக மாட்டாள். இதைவிட நேரான கணக்கு எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பன்னிரண்டு குழிகளையும் தோண்டினேன். தண்ணீர் ஊற்றினேன். மூடினேன். தகடுகளை வண்டியிலேயே வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, சாக்கு போட்டு மூடினேன். போட்டாயிற்று என்று தவமணியின் நோட்டில் கையெழுத்தும் போட்டேன். அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பெற்ற அப்பனை எந்த மகள் சரிபார்ப்பாள்?

சனிக்கிழமை கிணற்றில் வாளியை இறக்கி, கழுவிய பிராந்தி பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன். மேலே தாரால் ஒரு புள்ளி வைத்தேன். தண்ணீர் சுத்தமாக இருந்தது. சரி, முந்தின வாரத்துத் தகட்டில் இன்னும் கொஞ்சம் மீதி இருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன். அவசரப்படக் கூடாது. இரண்டாவது திங்கட்கிழமை தோண்டிப் பார்த்தபோது குழிகளில் துருச் சேறு மட்டும்தான் இருந்தது. கைக்கு ஒரு துண்டு இரும்பு தட்டுப்படவில்லை.

அந்தச் சனிக்கிழமையும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டு புள்ளி வைத்தேன். அன்று நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் கேட்கிறவர்கள் காறித் துப்புவார்கள். பாதி வாழ்க்கை ஏமாந்தவனுக்கு ஏமாற்றியவனின் கழுத்துப்பட்டி கையில் கிடைத்த மாதிரி இருந்தது.

தவமணி அந்த நாட்களில் நிறையச் சாப்பிட்டாள். "இப்பல்லாம் ரொம்பப் பசிக்குது நைனா" என்று மூன்றாவது தரம் சோறு போட்டுக்கொண்டாள். திரும்பி வந்த நாளிலிருந்து கோழி மாதிரி கொறித்துக்கொண்டிருந்தவள். உடம்பு தேறுகிறது என்று நினைத்தேன். சந்தைக்குப் போய் ஈரல் வாங்கிவந்து நானே வறுத்துப் போட்டேன். அறையைச் சுற்றியிருந்த புல் வெளுத்துப்போனது. எங்கள் ஊர் மண்ணில் புல் எப்போது ஒழுங்காக இருந்தது?

மூன்றாவது வாரம் தலைவலி என்றாள். எங்கள் வீட்டு வாசலில் மூன்று படிதான். ஏறி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நகத்தைப் பாரு நைனா. நீலமா கீது."

கையை நீட்டினாள். பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த நீலம்தான். சிரித்தேன்.

"டேனரிக்காரன் பொண்ணு நகம் வேற எப்டி இருக்கும்?"

அவளும் சிரித்தாள். "கம்பி தொடைக்கறேன்ல, தாமிரம் ஒட்டியிருக்கும்" என்றாள்.

அவள் தன் வாழ்நாளில் டேனரி வாசலை மிதித்ததில்லை. மிதிக்க விடமாட்டேன் என்று அஞ்சலையிடம் சத்தியம் பண்ணியிருந்தேன். அது எனக்கு அந்த நிமிஷம் ஞாபகம் வரவில்லை. வேறு ஊரில் ஒரு பெண்ணின் நகம் நீலமானால் வீடே பதறும். எங்கள் ஊரில் அது ஒரு கேலி.

தெருமுனை டாக்டரிடம் போனோம். அவரும் இந்த ஊர்தான். கையைப் பார்த்து, "டேனரிக் குடும்பமா?" என்றார். ஆமாம் என்றேன். கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்து, ரத்தம் கம்மியாக இருக்கிறது என்று இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. நானே எண்ணி எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு நாள் லீவு போடு என்றேன். "கூட்டம் முடியட்டும் நைனா. வசுமதி மேடம் வர்றாங்க. அன்னிக்கு ரீடிங் சரியா இருக்கணும்" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. கூட்டம் முடிந்தால் அந்த நாற்காலியே இருக்காது, என் மகளின் வேலைக்கு நானே குழி தோண்டுகிறேன் என்று அதற்காக மனதுக்குள் வருத்தப்பட்டேன். அவ்வளவுதான் என் வருத்தம்.

நாலாவது பாட்டிலில் நாலு புள்ளி வைத்தேன்.

வியாழக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. மண்டபத்துக்கும் கிணற்றுக்கும் நடுவே ஒரு சந்துதான். மேடையில் கலெக்டர் ஆபீஸ் ஆட்கள், கம்பெனி அதிகாரி, ஓரத்தில் வசுமதி அம்மா. ஆளாளுக்கு மைக் கொடுத்தார்கள். என் முறை வந்ததும் நான்கு பாட்டில்களையும் பையிலிருந்து எடுத்து மேடை விளிம்பில் வரிசையாக வைத்தேன்.

"இதுங்க நாலு வாரத்துத் தண்ணி" என்றேன். "நல்லாப் பாத்துக்கோங்க. மஞ்சள் கீதா? இல்ல. தகடு போடலன்னா மிஷினு ஓடாதுன்னு இந்தம்மா சொன்னாங்க. நான்தான் தகடு போடற ஆளு. நாலு வாரமா ஒரு தகடு கூட நான் போடல. பன்னெண்டு குழியும் வெத்து. தண்ணி அப்பவும் சுத்தமாத்தான் வருது. அப்போ இந்த மிஷினு எதுக்கு? எங்கள ஏமாத்தி டேனரி தொறக்கறதுக்கு."

மண்டபத்தில் ஒரு கூச்சல் எழுந்தது. பாஷா பாய் பின்வரிசையில் எழுந்து நின்று கை தட்டினார். நான் வசுமதி அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அகப்பட்டவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை.

அந்த முகத்தில் நான் எதிர்பார்த்தது இல்லை. பாட்டில்களின் அடியைப் பார்த்தார். அங்கே ஒரு சிட்டிகை பச்சை படிந்திருந்தது. நான் அதைப் பார்த்ததாகவே நினைவில்லை.

"எத்தனை வாரம்?" என்றார். மைக் இல்லாமல்.

"நாலு."

"தவமணி எங்கே?"

"வேலைல."

அவர் மேடையிலிருந்து குதித்தார். செருப்பு ஒன்று கழன்று அங்கேயே கிடந்தது. ஏன் ஓடுகிறார் என்று யாருக்கும் புரியவில்லை. தப்பித்து ஓடுகிறார் என்று யாரோ கத்தினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிடிக்கத்தான் பின்னால் ஓடினேன்.

அறைக்குள் மெயின் சுவிட்சை அவர் இழுத்துக்கொண்டிருந்தார். ஃபேன் நின்றது. தவமணி நாற்காலியில் உட்கார்ந்தபடியே பெட்டி மேல் சாய்ந்திருந்தாள். உதடு, காது மடல், இமை எல்லாம் ஒரே நிறம். டிரம் கதவைத் திறந்தால் முதலில் சரிந்து விழும் தோலின் நிறம். முப்பத்தொரு வருஷம் நான் பார்த்த நிறம்.

தூக்கினேன். கண்ணைத் திறந்தாள். "பதினோரு மணி ரீடிங் எழுதல நைனா" என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள். சிவப்பாக இல்லை. ஆவாரம்பட்டையை ஊறவைத்த தண்ணீர் மாதிரி பழுப்பாக இருந்தது. நர்ஸ் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து டாக்டரைக் கூப்பிட்டார். வசுமதி அம்மா ஒற்றைச் செருப்போடு வராந்தாவில் நின்று போனில் மருந்துப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மருந்து அங்கே இல்லை. வேலூரிலிருந்து கொண்டுவந்தார்கள். அதுவும் நீலம். சீசாவில் இங்க் மாதிரி இருந்தது. அதை ஏற்றினார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் அது அவளைத் திருப்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். மாலை நாலே முக்காலுக்கு ஏற்றுவதை நிறுத்தினார்கள்.

பதினாறாம் நாள் முடிந்ததற்கு மறுநாள் வசுமதி அம்மா வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லவில்லை. அவராகவே வாசல்படியில் உட்கார்ந்தார்.

"மிஷினு வேலை செய்யாதுன்னு சொன்னியேம்மா" என்றேன்.

"பொய் சொன்னேன்."

"ஏன்?"

"ஈரத்துல இருக்கிற இரும்பு தகட்டுல மட்டும் இல்லைங்க ஐயா. ரத்தத்துல இருக்கு. நாம இழுக்கிற மூச்சைப் பிடிச்சு உடம்பு பூரா கொண்டுபோறது அந்த இரும்புதான். அது ஏற்கெனவே ரெண்டு எலக்ட்ரானை விட்டுட்டுத்தான் இருக்கு. மூணாவது ஒண்ணு போச்சுன்னா அதால மூச்சைப் பிடிக்க முடியாது. ரத்தம் ஓடும், மூச்சு ஏறாது. தகடு இருக்கிற வரைக்கும் மிஷின் அதைத் தொடாது, தகடுதான் சுலபம். தகடு தீர்ந்தா அடுத்தது எது பக்கத்துல இருக்கோ அது."

"ஒரு குரோமியத்துக்கு மூணு வேணும்."

"ஆமா. இவளோட இரும்பு மூணு, ஆளுக்கு ஒண்ணு கொடுக்கும். உடம்பு சும்மா இருக்காது. சாப்பிடற சோத்துலேர்ந்து எடுத்து அந்த இரும்பைத் திரும்பச் சரிபண்ணும். மிஷின் மறுபடியும் எடுக்கும். முடிஞ்சவரைக்கும் கொடுத்துக்கிட்டே இருந்திருக்கு."

ரொம்பப் பசிக்குது நைனா. நான் ஈரல் வறுத்துப் போட்டேன்.

"இத மொதல்லயே சொன்னா இன்னா?"

"சொன்னா அந்த நாற்காலியில யாரும் உட்கார மாட்டாங்கன்னாங்க. நானும் சரின்னுட்டேன். தகடு இருக்கா இல்லையான்னு பார்க்க ஒரு கருவி வைக்கச் சொன்னேன். ஆள் போட்டுக்கலாம்னாங்க. அதுக்கும் சரின்னுட்டேன்."

"நீ நெசத்த சொல்லியிருந்தா நான் ஒரு தகடு கூட வுட்டிருக்க மாட்டேன்."

"தெரியும்."

"உன்ன நான் நம்பியிருந்தாலும் வுட்டிருக்க மாட்டேன்."

 தெருவில் பெண்கள் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை வைத்துக்கொண்டிருந்தார்கள். மிஷினை நிறுத்திய பத்தாம் நாளே கிணற்றில் மஞ்சள் திரும்பிவிட்டது. எங்கள் வீட்டுப் பக்கம் யாரும் பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"அறிக்கையில என் தப்புன்னு எழுதிக் கொடுத்துட்டேன்" என்றார் அந்த அம்மா. "உங்க பேரை எழுதலை."

"எழுது. கன்னியப்பன், தகடு போடற ஆளுன்னு எழுது."

"அந்தப் பாட்டில்கள் வேணும்னு கேக்கறாங்க. எந்த வாரத்துலேர்ந்து ஆரம்பிச்சுதுன்னு பார்க்க."

"பாத்தா தெரியுமா?"

"குரோமியம் எவ்வளவு மாறியிருக்குன்னு தெரியும்."

"அது இல்லம்மா." எழுந்து போய் பாட்டில்களைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். ஒரு புள்ளி வைத்ததையும் நாலு புள்ளி வைத்ததையும் கையில் எடுத்தேன். "மொத வாரம் பழைய தகடு கொஞ்சம் இருந்துச்சு. நாலாவது வாரம் ஒண்ணுமே இல்ல. இந்தப் பச்சைல எது இரும்போடது, எது எம் பொண்ணோடது, அத பாத்துச் சொல்ல முடியுமா?"

அந்த அம்மா நான்கையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.  

"முடியாதுங்க ஐயா" என்றார் கடைசியில். "ஒரு எலக்ட்ரானுக்கும் இன்னொண்ணுக்கும் வித்தியாசமே கிடையாது. தகட்டுலேர்ந்து வந்தாலும், ஆள் உடம்புலேர்ந்து வந்தாலும். அதுல எந்த அடையாளமும் இருக்காது. உலகம் பூரா அப்படித்தான்."

இந்த முறை அவர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. உண்மைதான் சொல்கிறார் என்று தெரிந்தது.

கூட்டம் மூன்று மாதம் கழித்து வேறொரு நாளில் நடந்தது. நான் போகவில்லை. தகடு எண்ணும் கருவி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு டேனரி திறக்க அனுமதி கொடுத்துவிட்டார்கள். மிஷின் திரும்ப ஓடுகிறது. அறையில் நாற்காலி இல்லை, தூரத்திலிருந்தே குமிழைத் திருப்புகிறார்கள். அந்தக் கருவியை நான் நம்பவில்லை. திங்கட்கிழமை தோறும் கம்பெனி ஆட்கள் போட்டுப் போன பிறகு நான் போய், என் வீட்டில் சாக்குக்குக் கீழே இருந்த தகடுகளைக் குழிக்கு ஒன்றாக இறக்கி, தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். நாற்பத்தெட்டுத் தகடு. நாலு வாரத்தில் தீர்ந்துவிட்டது.

இப்போது அந்தத் தண்ணீரை நானும் குடிக்கிறேன்.

பாட்டில்களை மாடத்தில் அஞ்சலை படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். காலையில் வெயில் அங்கே விழும். அப்போது ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பேன். ஆட்டாமல் தூக்க வேண்டும், ஆட்டினால் பச்சை மேலே எழும்பிவிடும், திரும்பப் படிய ஒரு நாள் ஆகும். ஒரு புள்ளி வைத்ததையும் நாலு புள்ளி வைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பேன். தார்ப் புள்ளியை விரலால் மறைத்துக்கொண்டும் பார்த்திருக்கிறேன்.

ஒரே பச்சைதான்.